காத்திருந்த கைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இந்த மலரின் விளையாட்டுப் பக்கத்தில் மகளிர் கால்பந்துக் குழுவின் படம் இடம்பெறும். அதில் பின்வரிசையில் வலது ஓரமாக, ஒரு கையில் பந்துப் பையும் மறு கையில் தண்ணீர்க் கேனுமாக ஒருத்தி நிற்பாள். அவள் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவள்தான் இதை எழுதுகிறாள்.

படம் எடுத்தவர், "அதையெல்லாம் கீழே வையம்மா" என்றார். வைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். படம் கைக்கு வந்த பிறகு பார்த்தால் வைக்கவே இல்லை. இரண்டு ஆண்டுப் பழக்கம் கைகளை விட்டுப் போகவில்லை போலும்.

அந்தப் படத்தை வீட்டில் காட்டினேன். அப்பா விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீ அங்கே விளையாடப் போறியா, இல்லை தண்ணி குடுக்கப் போறியா பாப்பா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

நான் எங்கள் குழுவின் ரிசர்வ் கோல்கீப்பர். கால்பந்தில் மற்ற இடங்களுக்கு ரிசர்வாக இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. முன்னால் ஓடுகிறவள் களைத்துப் போவாள்; சார் கை காட்டுவார்; இவள் உள்ளே போவாள். கோல்கீப்பர் களைத்துப் போவதில்லை. அவளுக்கு ஏதாவது கெடுதல் நேர்ந்தால் ஒழிய அடுத்தவளுக்கு வேலை இல்லை. முதலாம் ஆண்டில் சேர்ந்த நாள் முதல் இந்த ஆண்டு டிசம்பர் வரை நான் போட்டியில் விளையாடிய நேரம் சுழி நிமிடம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா பூப் பறிக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். "படிக்கத்தானே அனுப்பினோம்" என்று அம்மா சொல்லும்போது அதில் கோபம் இருக்காது, கணக்கு இருக்கும். மாலையில் துணிக்கடையில் நான்கு மணி நேரம் நின்றால் மாதம் நாலாயிரம் ரூபாய் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தார். முதல் பருவத்தில் துணைப்பாடக் கணிதத்தில் எனக்கு ஒரு அரியர் வேறு விழுந்தது. இத்தனைக்கும் நடுவே, ஆடாத ஆட்டத்துக்காக மாலை ஆறு மணி வரை மைதானத்தில் இருந்துவிட்டுக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து வருகிறவளை வீட்டார் என்னவென்று நினைப்பார்கள்?

விலகிவிடலாம் என்று உடற்கல்வி இயக்குநர் சாரிடம் போனேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "நடீன் ஆங்கரர் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். தம் செல்பேசியில் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்தார். இந்தக் கட்டுரை அங்கேதான் பிறந்தது.

நடீன் ஆங்கரர் ஜெர்மனியைச் சேர்ந்தவர். பவேரியா மாநிலத்தில் மைன் ஆற்றங்கரையில் உள்ள லோர் என்ற சிற்றூரில் 1978 நவம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை மேற்கு ஜெர்மனியில் பெண்கள் கால்பந்து ஆடுவதற்கே கால்பந்துச் சங்கத்தின் தடை இருந்தது என்றால் நம்புவீர்களா? 1955-இல் விதித்த தடையை 1970-இல்தான் நீக்கினார்கள். பெண்ணின் உடலுக்கும் இயல்புக்கும் இந்த ஆட்டம் பொருந்தாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊரில் மட்டும்தான் இப்படிப் பேசுவார்கள் என்று எண்ணியிருந்த எனக்கு இது புதுச் செய்தி. மேற்கு ஜெர்மனியின் மகளிர் அணி முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது 1982 நவம்பர் 10-இல், கோப்ளென்ஸ் நகரில், சுவிட்சர்லாந்தை எதிர்த்து. ஐந்துக்கு ஒன்று என்று வென்றது. அன்று ஆங்கரருக்குச் சரியாக நான்கு வயது நிறைந்தது. 1989-இல் அந்த அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வீராங்கனைகளுக்குச் சங்கம் தந்த பரிசு என்ன தெரியுமா? ஆளுக்கொரு காபிக் கோப்பை செட்! நம் விளையாட்டு விழாவில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருகிறார்களே என்று சலித்துக்கொள்ளும் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கரர் முதலில் கோல்கீப்பர் அல்லர், முன்வரிசையில் ஆடியவர். சிறுமியாக இருந்தபோது குழுவின் கோல்கீப்பருக்கு அடிபட, அந்த இடத்தில் இவரை நிறுத்திப் பார்த்த பயிற்சியாளர், கைகளின் திறமையைக் கண்டு அங்கேயே இருத்திவிட்டார். 1996 ஆகஸ்டில், பதினேழு வயதில், நெதர்லாந்தை எதிர்த்து நாட்டின் அணிக்காக முதன்முறை ஆடினார். இனி ஏறுமுகம்தான் என்று யாரும் எண்ணுவோம். அவருக்கு முன்னால் சில்கே ரோட்டன்பெர்க் இருந்தார்.

ரோட்டன்பெர்க் சிறந்த கோல்கீப்பர். 2003-இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது கோலைக் காத்தவர் அவரே. அந்த அணியில் ஆங்கரரும் இருந்தார், பெஞ்சில். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அங்கும் முதல் இடம் ரோட்டன்பெர்க்குக்கே. 2005-இல் ஐரோப்பியக் கோப்பை, அப்போதும் அப்படியே. உலகமே கொண்டாடும் அணியில் பதக்கம் வாங்கிக்கொண்டு, ஆனால் ஆடாமல், ஒருவர் எத்தனை ஆண்டு இருக்க முடியும்? ஆங்கரர் பதினோரு ஆண்டுகள் இருந்தார்.

2007-இன் தொடக்கத்தில் ரோட்டன்பெர்க்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சீனாவில் உலகக் கோப்பை. பயிற்சியாளர் சில்வியா நைட் இருபத்தெட்டு வயது ஆங்கரரைக் கோலில் நிறுத்தினார். முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவை ஜெர்மனி 11-0 என்று வென்றது. அடுத்து இங்கிலாந்துடன் 0-0. ஜப்பானை 2-0. காலிறுதியில் வட கொரியாவை 3-0. அரையிறுதியில் நார்வேயை 3-0. செப்டம்பர் 30-இல் ஷாங்காயில் இறுதி ஆட்டம். எதிரே பிரேசில், அந்த அணியில் மார்த்தா. பிர்கிட் பிரின்ஸ் அடித்த கோலால் ஜெர்மனி 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது பிரேசிலுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தவர் மார்த்தா.

இங்கே ஓர் இயற்பியல் மாணவி என்ற முறையில் சிறு கணக்கு ஒன்று போட அனுமதி வேண்டுகிறேன். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர். விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் பந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது கோலை அடைய அரை விநாடி. கண் கண்டதை மூளை உணர்ந்து தசைக்குச் சொல்வதற்கே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். எஞ்சுவது 0.3 விநாடி. நடுவில் நிற்பவள் ஓரக் கம்பம் வரை காக்க வேண்டிய தூரம் 3.66 மீட்டர். பந்து புறப்பட்ட பிறகு முடிவெடுத்தால் நடக்காத காரியம். ஆகவே நல்ல கோல்கீப்பர் பந்தைப் பார்ப்பதில்லை, அடிப்பவளைப் பார்க்கிறாள். அவள் ஓடி வரும் கோணம், ஊன்றும் கால் திரும்பும் திசை, ஒரு கணம் ஓடிப் போய் வரும் கண். அந்த 0.3 விநாடிக்கான பாடத்தை அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

ஆங்கரர் அந்தப் பந்தைத் தடுத்தார். பிறகு ஜெர்மனி இன்னொரு கோல் அடித்து 2-0 என்று வென்றது. ஆறு ஆட்டங்கள், 540 நிமிடங்கள். ஒரு கோல்கூட வாங்கவில்லை. உலகக் கோப்பையை ஒரு கோலும் வாங்காமல் வென்ற அணி, ஆண்களிலும் பெண்களிலும், அதற்கு முன் இருந்ததில்லை. 1990-இல் இத்தாலியின் வால்டர் சென்கா 517 நிமிடம் கோல் வாங்காமல் நின்ற சாதனையும் அன்று முறிந்தது.

சார் செல்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பதினோரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவளால் இது முடியுமா?" என்றார். பிறகுதான் விவரம் தேடினேன். நாட்டின் அணியில் பெஞ்சில் இருந்த அதே ஆண்டுகளில் ஆங்கரர் போட்ஸ்டாம் நகரத்துச் சங்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். 2004-இலும் 2006-இலும் ஜெர்மானிய லீக்கையும், 2005-இல் ஐரோப்பியச் சங்கங்களின் கோப்பையையும் அந்தச் சங்கம் வென்றது. காத்திருந்தார் என்று நாம் சொல்வது பாதிதான் உண்மை. வேலை செய்துகொண்டிருந்தார், அது மற்றவர்கள் கண்ணில் படவில்லை.

எனக்குப் போட்ஸ்டாம் இல்லை. பழைய வேதியியல் கிடங்கின் பின்சுவர் இருந்தது. அன்று முதல் அந்தச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயில் ஒரு மாதத்தில் முந்நூறு எடுத்துப் பழைய கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். அம்மாவிடம் ரெக்கார்டு நோட்டு என்று சொன்னேன். இந்தப் பொய்யையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

'இந்தப் பொய்யையும்' என்றேன். இன்னொன்று இருக்கிறது. எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் தயங்கினேன்.

எங்கள் முதல் கோல்கீப்பர் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் அக்கா. என்னைவிட உயரம், என்னைவிடத் திறமை. எனக்கு விழத் தெரியாத காலத்தில் விழக் கற்றுக்கொடுத்தவர். முழங்கையை ஊன்றாதே, பக்கவாட்டில் உருளு என்று நூறு முறை சொன்னவர். தம் வீட்டுப் புளிசாதத்தில் பாதியை எனக்கு வைத்தவர். டிசம்பரில் மண்டலப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் ஒட்டியபோது மறுபடியும் என் பெயர் கடைசியில் இருந்தது. அன்று இரவு படுத்திருக்கையில், 'ரோட்டன்பெர்க்குக்கு அடிபட்டதால்தானே' என்று ஒரு நினைப்பு வந்தது. அதன் பின்னாலேயே, 'இந்த அக்காவுக்கும்' என்று வந்தது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு சிறு சுளுக்கு போதும் என்று மனம் பேரம் பேசியது. நான் அதைத் துரத்தவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அதோடு விலகிக் கடைக்குப் போவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டாம் பாதியில், ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில், இரு பக்கமும் கோல் இல்லாத நிலையில், உயரப் பந்து ஒன்றுக்கு எம்பிய அக்கா இறங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். என் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. நான் கேட்டது அப்படியே, கேட்ட அளவிலேயே கிடைத்திருந்தது.

என் கையுறை ஒன்றில் தையல் விட்டிருந்ததை அக்கா அறிவார். வலியில் முகம் சுருங்கியிருந்தவர் தம் கையுறைகளைக் கழற்றி என் மடியில் போட்டார். "போ" என்றார். அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிமிடம் சமாளித்தேன். இரண்டு பந்துகளைப் பிடித்தேன். அதில் ஒன்று நல்ல பந்து என்று பிறகு சொன்னார்கள். எட்டு நிமிடம் இருக்கையில் எங்கள் தடுப்பாட்டக்காரியின் கையில் பந்து பட்டது. நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார். படித்த கணக்கு எதுவும் நினைவில் இல்லை. அக்காவின் கையுறை எனக்கு ஓர் அளவு பெரிது. குனிந்து மணிக்கட்டுப் பட்டையை இழுத்துக் கட்டினேன். நிமிர்ந்தேன். விசில். பந்து என் வலது பக்கம் போனது. நான் இடது பக்கம் விழுந்திருந்தேன். 0-1. அதோடு மண்டலப் போட்டி முடிந்தது.

ஜெர்மனியின் கதையில் கைதட்டல் எழுந்த இடத்தில் என் கதையில் ஒன்றும் எழவில்லை. தோழியர் யாரும் என்னைத் திட்டவில்லை; அது திட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. கேனை எடுக்கப் போனபோது வேலிக்கு வெளியே தெரிந்த முகம் ஒன்று நின்றது. தோளில் துண்டு, மேலெல்லாம் தவிட்டுத் தூசி. மில் லோடு இறக்க லாரியோடு டவுனுக்கு வந்த அப்பா, இறக்கி முடித்துவிட்டு நடந்தே வந்திருக்கிறார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வேலியோரமே நின்று ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

பஸ்ஸில் வெகு தூரம் பேசாமல் வந்தோம். விலகுவதைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஊர் எல்லை வரும்போது சொன்னார்:

"அந்தப் புள்ளை ஓடி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த மூலையைப் பாத்துச்சு. நான் நின்ன பக்கந்தான், எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீ குனிஞ்சு கையில எதையோ இழுத்துக்கிட்டு இருந்தே."

நான் அவரைப் பார்த்தேன். பெனால்டி என்ற சொல்கூட அவருக்குத் தெரியாது. பயிற்சியாளர் சொல்லித் தரும் பாடத்தை, வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் ஆட்டத்தைப் பார்த்த மனிதர் வேலிக்கு வெளியே நின்று படித்திருக்கிறார். முப்பது ஆண்டு மூட்டை மாற்றியவர். எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பார்த்து வாங்காவிட்டால் முதுகு போய்விடும் தொழில். "கைக்கு அளவா ஒண்ணு வாங்கிக்க" என்றார். துணிக்கடைப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அம்மா எடுத்தார், கோடை விடுமுறையில் மட்டும் போவதாக ஒப்புக்கொண்டேன். அரியரையும் எழுதி முடித்துவிட்டேன் என்பதைக் கணிதத்துறை ஆசிரியர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆங்கரரின் மிச்சக் கதையையும் சொல்லிவிட வேண்டும். வெற்றி வந்தபின் எல்லாம் வெற்றியாகிவிடவில்லை. 2009-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் இங்கிலாந்தை 6-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. ஆனால் 2011-இல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில், காலிறுதியிலேயே, கூடுதல் நேரத்தில் ஜப்பானிடம் ஒரு கோல் வாங்கித் தோல்வி. 2013-இல் ஸ்வீடனில் ஐரோப்பிய இறுதி ஆட்டம். அணித் தலைவராக நின்று நார்வேயின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஜெர்மனி 1-0 என்று வென்றது. அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. ஆணோ பெண்ணோ, கோல்கீப்பர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 2015-இல் கனடாவில் தம் 146-ஆவது ஆட்டத்துடன் ஓய்வு பெற்றார். அந்தக் கடைசி ஆட்டத்திலும் தோல்விதான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்திடம், 0-1. என் ஆட்டத்தின் அதே எண்ணிக்கை. இதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் உண்டு என்பதை மறைப்பானேன்?

அவர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்புக்குச் 'சரியான தருணத்தில்' என்று பொருள். வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நம் தமிழாசிரியர்கள் நினைவூட்டுவார்கள். ஓய்வுக்குப் பின் ஆங்கரர் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளிப்பவரானார். 2025 ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்து மகளிர் அணியின் பெஞ்சில் அமர்ந்திருந்தார். எந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து புகழ் பெற்றாரோ, அதே போன்ற பெஞ்சுக்குத் தாமாகத் திரும்பிப் போயிருக்கிறார்.

அக்கா இந்த ஆண்டோடு கல்லூரியை விட்டுப் போகிறார். அடுத்து நான்தான் என்று எண்ணிவிட வேண்டாம். முதலாம் ஆண்டில் ஒரு தங்கை சேர்ந்திருக்கிறாள். பள்ளி அணியில் மாவட்டம் வரை போனவள். என்னைவிட நான்கு விரல் உயரம். அடுத்த ஆண்டுப் படத்திலும் பந்துப் பை என் கையில் இருக்கலாம். அவளுக்குப் பக்கவாட்டில் உருளத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வழியனுப்பு விழாவன்று அக்காவிடம் அந்த இரவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவர் கையுறைகளை என்னிடமே கொடுத்து, "பட்டையை ஒரு விரல் உள்ளே தள்ளித் தைத்துக்கொள்" என்றார். சொல்ல வாய் வரவில்லை.

மலர் அச்சாகி வரும்போது ஒரு பிரதி அவர் வீட்டு முகவரிக்குப் போகும். படத்தில் தம்மைத் தேடிய பிறகு பக்கங்களைப் புரட்டுவார். எல்லோரும் அப்படித்தானே செய்வோம்? இந்தப் பக்கத்துக்கும் வருவார். அக்கா, பட்டையைத் தைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதையும் மேலே எழுதிவிட்டேன்.